கவரின் பின்பக்கம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "போன தடவ குடுத்தீங்களே, அந்தச் சேப்பு மாத்திரை" என்று ஒருவர் வந்து நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கடையில் சிவப்பாக நாற்பது வகை மாத்திரைகள் இருந்தன. ஐந்து நாளைக்கு எழுதிய கேப்சூலை இரண்டு நாளோடு நிறுத்திவிட்டு, "அதான் காய்ச்சல் விட்டுட்டுல்லா" என்று சிரிக்கிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். திட்டு வாங்கியவர்கள் மறுபடியும் என்னைத் தேடித்தான் வருவார்கள். படித்த பிள்ளை, தெரிந்துதான் திட்டும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு வலிக்கிறது.

நடந்தது எண்பத்தெட்டில். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் வைகுண்டராஜ் அண்ணாச்சியின் மருந்துக் கடை. நான் ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். மதுரையில் இரண்டு வருஷம் டி.பார்ம் படித்து முடித்தவள் என்பதால், சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸில் 'பரிபூரணம்' என்று என் பெயர் இருந்தது. கல்லாவில் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். மருந்து எடுத்துக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவது என் வேலை.

மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகிதக் கவருக்கு அங்கே ஒரு கதை உண்டு. அண்ணாச்சியின் மச்சினர் ஐயாதுரை நாலு கடை தள்ளிப் பால்கடை வைத்திருந்தார். கவர்களை அவர் சிவகாசியில் அச்சடித்துக் கட்டுக் கட்டாக இனாமாகக் கொடுப்பார். முன்பக்கம் எங்கள் கடைப் பெயரும், காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டமும் இருக்கும். பின்பக்கம் அவருடைய விளம்பரம்: 'மாத்திரைச் சூடு தணிய ஒரு டம்ளர் பால் குடியுங்கள். பசும்பாலுக்கு ஐயாதுரை பால்கடை.' கீழே கழுத்தில் மணி கட்டிய ஒரு பசு சிரித்துக்கொண்டிருக்கும்.

ஊரில் யாருக்கும் அது விளம்பரமாகப் படவில்லை. மருந்துக் கவரில் அச்சாகி வந்தால் டாக்டரே சொன்ன மாதிரி. மாத்திரை என்றால் சூடு, பால் என்றால் குளிர்ச்சி என்று எல்லாருக்கும் தெரியும். காலையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பால் சுண்டுகிற வாசனை அடிக்கிற ஊரில், பாலைக் குடி என்றால் யார் மாட்டேன் என்பார்கள்? சில மாத்திரைகள் வயிற்றை எரிக்கும். பால் குடித்தால் அந்த எரிச்சல் அடங்கவும் செய்யும். அதனால் நானும் சேர்ந்துகொண்டு, "வெறும் வயித்துல போடாதீங்க, பால்ல போடுங்க" என்று சொல்லி அனுப்புவேன். மூன்று வருஷம் அப்படிச் சொன்னேன்.

முத்துப்பேச்சி டெலிபோன் ஆபீஸில் ட்ரங்க் கால் ஆபரேட்டர். முகம் தெரியாதவர்களுக்கும் அவள் குரல் தெரியும். மதுரைக்கோ மெட்ராசுக்கோ பேச வேண்டும் என்றால் அவள்தான் எடுத்து, எந்த ஊர், என்ன நம்பர் என்று கேட்டு இணைத்துக் கொடுப்பாள். வீட்டுக்காரர் சேதுபதி பட்டாளத்தில், பதான்கோட்டில் இருந்தார். மாதம் ஒரு முறை அவர் பேசுவார். தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல லைன் இரையும். அந்த இரைச்சலுக்குள் அவர் குரலை அவளால்தான் பிரித்து எடுக்க முடியும் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் கேலி பண்ணுவார்கள். கல்யாணமான நாலு வருஷத்தில் அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டதைவிடக் காதால் கேட்டுக்கொண்டதுதான் அதிகம்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் கொதிக்கும், விடியும்போது வேர்த்துக் கொட்டி விட்டுவிடும். இடுப்பு வலி வேறு. இரண்டு மாதம் என்னென்னவோ கொடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. கடைசியில் கண்ணுச்சாமி டாக்டர் ரத்தத்தை மதுரைக்கு அனுப்பி, மாட்டிலிருந்து வருகிற காய்ச்சல் என்று கண்டுபிடித்தார். மாமியார் வெள்ளத்தாய் மூன்று மாடு வைத்துக் கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவர். மருமகள் தெம்பாக இருக்கட்டும் என்று காலையில் கறந்த சூட்டோடு, காய்ச்சாமல், ஒரு செம்புப் பால் கொடுத்து வந்திருக்கிறார். வியாதி அதில் வந்திருந்தது. "இனிமே காய்ச்சாம ஒரு சொட்டு குடிக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருந்துச் சீட்டோடு மாமியாரும் மருமகளும் கடைக்கு வந்தார்கள். டெட்ராசைக்ளின் கேப்சூல் ஆறு வாரத்துக்கு, ஒரு வேளைக்கு இரண்டாக நாலு வேளை. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மூன்று வாரத்துக்கு, தினம் ஒன்று. ஆள் இளைத்துப் போயிருந்ததால் இரும்புச்சத்து டானிக், கால்சியம் மாத்திரை, வைட்டமின் மாத்திரை. எல்லாவற்றையும் எடுத்து, எண்ணி, கவரில் போட்டுக் கட்டத்தில் எழுதினேன். வழக்கம்போல முன்கூட்டியே திட்டவும் செய்தேன்.

"ஒரு வேளை விட்டேன்னு தெரிஞ்சுது, வீட்டுக்கே வந்து சத்தம் போடுவேன், ஆமா."

"விடமாட்டேன்க்கா" என்றாள் முத்துப்பேச்சி.

காய்ச்சல் குறைந்தது. ஆறு வாரம் முடிந்தது. மருந்து முடிந்த பதினெட்டாம் நாள் சாயங்காலம் மறுபடியும் கொதித்தது.

இரண்டாவது முறை அவர்கள் கடைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதே மருந்துகள், அதே ஊசி, மறுபடியும் மூன்று வாரம். என்ன ஆச்சு என்று நான் கேட்டது அவள் காதில் விழவில்லை. மறுபடி கேட்டேன். தலையை லேசாகத் திருப்பி இடது காதை என் பக்கம் கொண்டுவந்தாள்.

"ஊசி போட ஆரம்பிச்சு ரெண்டாவது வாரத்துல இருந்து வலது காதுல வண்டு இரையுதுக்கா. இப்பம் சத்தமே சரியா விழ மாட்டேங்கு. இடது காதுலயும் அப்பப்ப இரையுது. போன வாரம் சாத்தூருக்குப் போட வேண்டியதச் சங்கரன்கோவிலுக்குப் போட்டுட்டேன். ஊசி இல்லாமக் கேப்சூல் மட்டும் குடுக்க முடியுமான்னு டாக்டர்ட்ட கேட்டேன். ஏற்கெனவே நீ ஒழுங்கா முழுங்கலங்காரு."

அந்த ஊசி காதைக் கெடுக்கும் என்பது எனக்குத் தெரியும். முதல் மூன்று வாரத்துக்கு இவ்வளவு என்றால், இன்னொரு மூன்று வாரம் போட்டால் என்ன மிஞ்சும்? ஆனாலும் வாய் பழைய வாய்தான்.

"உண்மையைச் சொல்லு. எத்தன வேளை விட்ட?"

அவள் பதில் சொல்வதற்குள் வெள்ளத்தாய் பொரிந்து தள்ளினார்.

"ஏம்மா, என்ன பேச்சு பேசுத? ஒரு வேளை விடலியே! நான்லா கையில குடுக்கேன். ரெண்டு மாத்திரை, ஒரு டம்ளர் பாலு. டாக்டர் சொன்னாருன்னு நல்லாக் கொதிக்க வச்ச பாலு, கெட்டியா. நாலு வேளையும் நின்னு குடிக்க வச்சுட்டுத்தான் நகருவேன். அந்தக் கருப்பு டானிக்கும் கூடவே ஊத்திருவேன், ஒரேயடியா முடிஞ்சிரட்டும்னு. இந்தா பாரு, நீ குடுத்த கவருல போட்டிருக்கபடிதான் செஞ்சேன். ஏட்டி, அத வாசிச்சுக் காட்டு."

மடியிலிருந்து பழைய கவர்களை எடுத்து மேஜைமேல் போட்டார். காலிக் கவர்களைக்கூடத் தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்கிறார். எல்லாம் குப்புற விழுந்தன. ஆறேழு பசுக்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

அப்போது எனக்கு நினைவு வந்தது மதுரைக் கல்லூரியின் வகுப்பறை. எங்கள் வாத்தியார் கரும்பலகையில் ஒரு நண்டை வரைந்தார். டெட்ராசைக்ளினும் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் வயிற்றில் சந்தித்தால், நண்டு கொடுக்கால் பிடிப்பது போல ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் ரத்தத்துக்குள் ஏறாது. பிடித்த பிடியோடு மலத்தில் வெளியே போய்விடும். இரும்புச்சத்து என்றால் பிடி இன்னும் இறுக்கம். பரீட்சையில் அது ஐந்து மார்க் கேள்வி. நான் நண்டையும் வரைந்து ஐந்துக்கு ஐந்து வாங்கினேன்.

அந்த ஐந்து மார்க்கை மதுரையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பரீட்சைக்குப் படித்தது ஒரு பக்கம், கடையில் கை செய்தது ஒரு பக்கம். மூன்று வருஷமாக இரண்டும் ஒரு நாள்கூடச் சந்திக்கவில்லை. அந்தப் பெண் ஆறு வாரம் விழுங்கியதில் பெரும்பகுதி அவள் உடம்பில் சேரவே இல்லை. ஊசி மட்டும் நேராக ரத்தத்துக்குப் போய், காதைத் தின்றிருக்கிறது.

எனக்குப் பின்னால் தட்டில் ஸ்ட்ரெப்டோமைசின் குப்பிகள் வரிசையாக நின்றன. "ஊசி மருந்து ஸ்டாக் இல்ல. சாயங்காலம் வாங்க. அதுவரைக்கும் எந்த மருந்தையும் சாப்பிட வேண்டாம்" என்றேன். அண்ணாச்சி கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தித் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி கல்லாவில் குனிந்தார். அவர்கள் போன பிறகு, "தலைவலிக்குது அண்ணாச்சி, செத்த நேரத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் வீட்டுக்கு நடந்தேன்.

கண்ணுச்சாமி டாக்டர் நல்லவர். ஆனால் மருந்துக்கடைக்காரி வந்து பாடம் எடுப்பதைக் கேட்கிற அளவுக்கு நல்லவர் இல்லை. "மருந்து எழுதுறது நீயா, நானா?" என்றார்.

"நீங்கதான் டாக்டர். ஆனா பால்ல போடச் சொன்னது நான். கவர்லயும் அச்சடிச்சிருக்கு" என்று கவரை மேஜையில் வைத்தேன். அவர் திருப்பிப் பார்த்து, அந்தப் பசுவிடம் சண்டைக்குப் போவது போல முறைத்தார். அப்புறம் சீட்டைக் காட்டினேன். "இரும்பு டானிக்கும் கால்சியமும் நீங்க எழுதினது. எல்லாத்தையும் ஒரே நேரத்துல குடுத்திருக்காங்க. தள்ளித் தள்ளிக் குடுக்கணும்னு நீங்களும் எழுதல, நானும் சொல்லல."

டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். எழுந்து அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, நின்றபடியே படித்தார். மூடி வைத்துவிட்டு, "இது மட்டுந்தான் காரணம்னு சொல்லிர முடியாதும்மா. இந்தக் காய்ச்சல் ஒழுங்கா மருந்து சாப்பிட்டாலும் திரும்பி வரும்" என்றார். அது உண்மைதான். அதற்குள் போய் ஒளிந்துகொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"ஊசியை மட்டும் நிறுத்திருங்க சார். அவ ஆபரேட்டர்."

சாயங்காலம் டாக்டர் அவளைக் கூப்பிட்டு, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துப் பார்த்தார். இடது பக்கம் டிக் டிக் கேட்டது. வலது பக்கம் ஒட்டி வைத்தும் கேட்கவில்லை. சீட்டில் ஊசியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசினையும், டெட்ராசைக்ளினுக்குப் பதில் அதே வகையைச் சேர்ந்த வேறொரு கேப்சூலையும் எழுதினார். இரண்டுக்கும் தண்ணீர்தான். டானிக்கும் கால்சியமும் ஆறு வாரம் கழித்து. சிறுநீர் சிவப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதே என்று மூன்று முறை சொன்னார்.

என்னிடம் மட்டும் தனியாக, "மருந்தை மாத்திட்டேன்னு சொல்லியாச்சு. அம்புட்டு போதும். காரணமெல்லாம் சொல்லிக் குழப்ப வேண்டாம்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அவருக்காக ஆட்டினேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சியிடம் கவரைப் பற்றிப் பேச்செடுத்தேன். "மச்சான் மனசு சங்கடப்படும் பரிபூரணம். ரெண்டு கட்டு அப்படியே கெடக்கு. தீரட்டும், பொறவு பாப்போம்" என்றார். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரித் திட்டுகிற நான் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. டெட்ராசைக்ளின் வாங்க வருகிறவர்களிடம் மட்டும், கல்லாப் பக்கம் கேட்காதபடி குனிந்து, "இதைத் தண்ணியில போடுங்க, பால் வேண்டாம்" என்று முணுமுணுத்தேன். சிலருக்குக் காதில் விழுந்தது. சிலர் தலையாட்டிவிட்டுப் போனார்கள், கவரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. இப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. அந்த இரண்டு மாதமும் நான் கோழைதான். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

முத்துப்பேச்சிக்குக் காய்ச்சல் விட்டது. மருந்து முடிந்து ஒரு மாதமாகியும் திரும்பவில்லை. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்தாள். கோயிலுக்குப் போகிற கூட்டம், கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. பையிலிருந்து அரைக் கிலோ பால்கோவாப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எங்க அத்தை கிண்டுனது. உங்களுக்குத்தான். நீங்கதான் ஊசியை நிறுத்தச் சொன்னீங்கன்னு டாக்டர் வாய்தவறிச் சொல்லிட்டாரு. வேலைக்கும் போக ஆரம்பிச்சாச்சு. ஹெட்செட்ட இடது காதுக்கு மாத்திக்கிட்டேன். வலது பக்கம் ஒண்ணுமில்ல, அப்படியே போச்சு. ஆனா நேத்து பதான்கோட்ல இருந்து அவிய பேசினது கேட்டுச்சுக்கா. நீங்க இல்லன்னா இதுவும் போயிருக்கும்லா?"

அவள் கண் கலங்கியிருந்தது. பால்கோவாவை வாங்கிக்கொண்டு, நன்றாக இரு என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். டாக்டர் சொல்ல மாட்டார், அண்ணாச்சிக்கு முழுசாகத் தெரியாது. என் கையோ பெட்டியைத் தொட மறுத்தது.

குனிந்து மெதுவாகச் சொன்னேன். "முத்துப்பேச்சி, உனக்கு முதல் தடவ மருந்து கேக்காமப் போனதுக்குக் காரணம் நான்தான்."

"என்னக்கா?"

மறுபடி சொன்னேன், இன்னும் மெதுவாக. அவள் முகத்தைச் சுளித்து, இடது காதை என் பக்கம் திருப்பினாள்.

"அந்தப் பக்கம் நின்னு பேசினா எனக்கு விழாதுக்கா. இங்கிட்டு வந்து சத்தமாச் சொல்லுங்க."

மேஜையின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தேன். அவளுடைய இடது பக்கம் போய் நின்றேன். அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

"அந்தக் கேப்சூலைப் பால்ல போடக் கூடாது! போட்டா உடம்புல சேராது. இரும்பு டானிக்கோட குடுத்தா சுத்தமாச் சேராது. இது எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதியிருக்கேன். தெரிஞ்சும் பால்ல போடச் சொன்னேன், கவர்ல போட்டிருக்குன்னு! நீ ஒரு வேளையும் விடல. தப்பு என் மேலதான்!"

தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். அந்தச் சத்தத்தில் நான் அதற்கு முன் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை.

முத்துப்பேச்சி அழவில்லை. பெட்டியின் மேல் கட்டியிருந்த நூலை விரலால் நெருடினாள்.

"இப்பம் கேட்டுச்சு" என்றாள். நூலை விட்டுவிட்டு, "இடது காதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். வலது காதுக்கு என்ன சொல்லன்னு எனக்குத் தெரியலக்கா" என்றாள்.

பால்கோவாப் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. படியிறங்கி, வண்டி வருகிறதா என்று தலையை முழுசாக வலது பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

"பரிபூரணம்" என்றார் அண்ணாச்சி, பல்லைக் கடித்துக்கொண்டு. அதற்கு மேல் அவர் என்ன சொல்ல இருந்தாரோ தெரியாது. வரிசையில் நின்ற வத்திராயிருப்புப் பெரியவர் ஒருவர், காலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தவர், கையிலிருந்த பழைய கவரைத் திருப்பி அந்தப் பசுவைப் பார்த்தார். பிறகு என் முன்னால் நீட்டினார்.

"ஏம்மா, ஒரு மாசமா இந்தப் புண்ணு ஆறல. எனக்குக் குடுத்ததும் அந்தக் கேப்சூல்தானா?"

வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு மிச்சம் இருந்தன. எழுதியிருந்தது என் கையெழுத்து. போன மாதம் இவரிடமும் நான் முணுமுணுத்திருக்க வேண்டும்.

"ஆமாய்யா, அதேதான்" என்று அவருக்கும் அதே சத்தத்தில் சொன்னேன்.